சமய சுயாதீனமும் சமத்துவச் சட்டமும்

வவுனியா வடக்கு, ஒலுமடுவை அடுத்த வெடுக்குநாறி மலையில் 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8ந் திகதி நிகழ்ந்ததனை இம்மாவட்டத்துச் சைவர் எவரும் மறந்திலர். அன்று மகா சிவராத்திரி. ஆதிலிங்கேசுவரரை வழிபடச் சென்ற அடியவர்களைப் பொலீசார் மலையினின்றும் அகற்றினர், எண்மரைக் கைதுசெய்தனர். அதற்கு முந்திய ஆண்டில் அம்மலையில் இருந்த திருவுருவங்கள் உடைத்தெறியப்பட்டிருந்தன. எண்மரும் அம்மாதம் 19ந் திகதி வவுனியா நியாயஸ்தலத்தில் விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றனர் என எழுதுதல் எளிது. சிவராத்திரியைக் காவலிற் கழித்தவர்க்கு அவ்விரவு மீளக் கிடைக்குமோ?

அந்நாட்களில் யாமும் பிறரும் சமய சுயாதீனம் என்னுஞ் சொல்லை உரத்துக் கூறினோம். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையை எடுத்துக் காட்டினோம். சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் உரிய சுயாதீனம் ஒவ்வொருவர்க்கும் உண்டென்பது அது. வழிபாட்டாலும் அனுட்டானத்தாலும் போதனையாலும் தன் சமயத்தை வெளிப்படுத்தும் உரிமையைக் கூறும் 14 ஆம் உறுப்புரையையும் காட்டினோம். காட்டியது முறையே. ஆயின் அவ்விரண்டுக்கும் இடையில் 12 ஆம் உறுப்புரை என ஒன்று கிடக்கின்றது. கடைகள், உணவுச்சாலைகள் முதலியவற்றோடு ஒருவனுடைய சொந்தச் சமயத்துப் பொது வழிபாட்டுத்தலங்களையும் சேர்த்துக் கூறி, சாதி முதலிய காரணம் பற்றி அங்கே அவனுக்குத் தடையேனும் நிபந்தனையேனும் விதித்தலாகாது என்கின்றது அது. பத்தையும் பதினான்கையும் மனனஞ் செய்த நம்மவர் பன்னிரண்டாவதன்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு வாசிக்கின்றனர் என்பதே யாம் இங்குச் சொல்லவந்த குறை.

எம் கண்முன் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். ஊரின் பெயரும் ஆலயத்தின் பெயரும் கூறேம். கூறின் அவ்வூரார் மட்டும் நாணி ஏனையோர் தப்பிக்கொள்வர். இம்மாவட்டத்து ஆலயமொன்றில் மகோற்சவ உபயகாரர் பட்டியல் எழுதுங் கூட்டம் நடந்தது. 1977 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்பின் மலையகத்தினின்றும் வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர் எழுந்து, ஒரு நாள் உபயம் தமக்குந் தரப்படல் வேண்டுமெனப் பணிவுடன் கேட்டார். அவர் மகள் வித்தியாசாலைத் திருமுறைப் போட்டியிற் பரிசு பெற்றவள். அவள் பண்ணோடு பாடக் கேட்டு அச்சபையினரே தலையசைத்ததுண்டு. உபயம் ஊர்ச்சனங்களுக்கே உரியதென்றும், வந்தவர்கள் கும்பிட்டுப் போகலாமென்றும் விடை வந்தது. தொகை போதாதெனிற் கூட்டித் தருவதாக அவர் சொன்னார். தொகை காரணமன்றென்பது அவர்க்கும் தெரியும். பின்னர் முதியவர் ஒருவர் எழுந்து, இஃது ஆலய வழக்கம், இதில் எச்சட்டமும் தலையிடுதல் சமய சுயாதீனத்துக்கு விரோதம் என்றார். வெடுக்குநாறிக்காக எம்மோடு வீதியில் நின்றவர் அவர்.

யாம் அக்கூட்டத்தில் இருந்தோம். வாய் திறந்திலோம்.

அம்முதியவர் கூறிய நியாயம் அவரது புத்தியிற் புதிதாய்த் தோன்றியதன்று, வரலாறுடையது, அவ்வரலாற்றில் வவுனியாவுக்கும் பங்குண்டு. சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலை, கடை, கிணறு, வழிபாட்டுத்தலம் முதலிய இடங்களிற் புகாவண்ணந் தடுத்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கமாய் நிறைவேறியது. அதற்கு முன்னரே, 1956 ஆம் ஆண்டளவில், நல்லூர்க் கந்தசுவாமி கோயில் முதலாய சில பெரிய ஆலயங்கள் சட்டத்தின் ஏவலின்றித் தம் கதவினைத் திறந்தன. மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயிலிலோ, சட்டம் வந்து பதினோராண்டு கழிந்த பின்னும், 1968 ஆம் ஆண்டு உற்சவ காலத்தில் வழிபட வந்த மக்கள் வாயிலிலே தடுக்கப்பட்டனர். தடுத்து நின்றாருக்குத் தலைமை பூண்டவர் செல்லப்பா சுந்தரலிங்கம் அவர்கள்.

இப்பெயரை வவுனியாவார் எளிதிற் கடந்து செல்லமுடியாது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் வவுனியாத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பிய முதற் பிரதிநிதி அவரே. கணிதப் பேராசிரியர், பேரறிஞர், அடங்காத் தமிழர் என்னும் பட்டம் அவர்க்கு வீணே வந்ததன்று. இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமை மசோதாவின் காரணமாக 1948 டிசெம்பரில் மந்திரிப் பதவியை விட்டு நீங்கியவரும் அவரே. பதவியினும் கொள்கை பெரிதென நின்ற அவ்வறிஞர் இருபதாண்டு சென்றபின் ஆலய வாயிலில், பிறப்புப் பற்றிய தடையைக் காக்குந் துவாரபாலகராய் நின்றார். இதனை அவரை இகழ்தற்கு எழுதுகின்றிலோம். கல்வியும் துணிவும் தியாகமும் ஒருங்குடையார்க்கும் இவ்விடத்திற் கண் மறைந்ததெனின், நமக்கு மறையாதிருத்தல் எங்ஙனம் என அஞ்சியே எழுதுகின்றோம்.

அவர் பக்கத்தார் கூறிய வாதம் இது: ஆலயம் ஆகம விதிப்படியும் தொன்றுதொட்ட வழக்கப்படியும் நடப்பது, அதன் உள்ளே அரசாங்கத்தின் சட்டம் கால்வைத்தலாகாது. வழக்கு இலங்கை உயர் நீதிமன்றம், இலண்டன் பிரிவிக் கவுன்சில் என மேன்மேலுஞ் சென்றது. சைவ ஆசாரத்தில் வெளியார் தலையிடலாகாதென்றவர்களே, சைவ ஆலயமொன்றன் வாயிலில் நடந்ததைக் கடல் கடந்த நீதிபதிகள் முன் விரித்துவைத்தனர். சட்டம் பின்னரும் 1971 ஆம் ஆண்டிற் திருத்தப்பட்டது.

உபாத்தியாயர்களாகிய நீங்கள், இது கோயிற் சங்கதி, பள்ளிக்கூடத்துக்கு இதனோடு தொடர்பென்னை என வினவலாம். முதலிற் பற்றிய நெருப்பு பள்ளிக்கூடத்தினதே. அரசாங்க உதவிபெறும் வித்தியாசாலைகளிற் பிள்ளைகள் அனைவரும் சமமாய் ஆசனங்களில் இருத்தப்படல் வேண்டும் என்னுங் கட்டளை 1929, 1930 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை அலைத்தது. நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறுவதாயிற்று. அதனைச் சமயத்துக்கும் ஆசாரத்துக்கும் வந்த கேடென்று விண்ணப்பித்தவர் பலர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்த பாடசாலைகள் சில தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் சம ஆசனத்துக்காகப் பரிந்து பேசினர். வாங்கிற்கும் சிவதீக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கு ஒரு மாணவன் வினவினால் நாம் சிரிப்போம். அன்று சிரித்தவர் சிலரே. இன்னும் ஐம்பதாண்டு கழிந்தால், உபயப் பட்டியலுக்கும் சிவாகமத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் பேரர் சிரிப்பர்போலும்.

இனி, கடலுக்கு அப்பாலும் ஒன்று நோக்குவோம். ஆங்கும் நம்மவர் உளர். பிரித்தானியாவிற் சமத்துவச் சட்டம் 2010 ஆம் ஆண்டில் நிறைவேறியபோது, இனம் என்னுஞ் சொல்லினுட் சாதியையும் அடக்குதற்கு மந்திரிக்கு அதிகாரந் தரப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் அவ்வதிகாரங் கடமையாக மாற்றப்பட்டது. அங்குள்ள இந்து சங்கங்கள் பல அதனை எதிர்த்தன. 2018 ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அத்திருத்தத்தைச் செய்யாது, நியாயஸ்தலத் தீர்ப்புகளே போதுமென விட்டனர். அமெரிக்காவில், சியாற்றில் நகரசபை 2023 பெப்ரவரியிற் சாதிப் பாகுபாட்டை விலக்கிற்று. அவ்வாண்டிலேயே கலிபோர்னியா மாகாணச் சட்டசபை அத்தகைய மசோதா ஒன்றை நிறைவேற்றியது. இருக்குஞ் சட்டமே போதுமெனக் கூறி ஆளுநர் நியூசம் ஒக்டோபர் 7ந் திகதி அதற்கு ஒப்பந் தர மறுத்தார். அங்கும் இந்து சங்கத்தார் சிலர் சமய சுயாதீனத்தின் பெயரால் வாதித்தனர். அவர்தம் வாதம், சாதி நம் சமயத்தின் உறுப்பன்று. சட்டத்தில் அச்சொல்லைப் பொறித்தால் இந்துக்களை மாத்திரம் குறித்துச் சுட்டியதாகும். பிறர் நம்மைக் குற்றவாளிகளெனக் கருதுவர் என்பது.

இவ்வச்சத்தில் உண்மை சிறிதும் இல்லையென்று யாம் கூறேம். நம் சமயத்தை ஒரு நாளும் உள்நின்று பாராதவர், சைவமாவது சாதியே எனத் தம் சட்டப் புத்தகத்தில் எழுதிவைப்பாராயின் அது நமக்குப் பெரும் பழியாம். அந்நிய நாட்டிற் சிறுபான்மையினராய் வாழும் ஒரு சமூகம் தன்மேல் விரல் நீட்டப்படுதலைக் கண்டு நடுங்குதல் இயல்பே. ஆயினும் இரண்டு வாதங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1968 இல், சாதித்தடை எம் சமயத்தின் பகுதி, ஆதலின் சட்டம் அதனைத் தொடலாகாது என்றோம். 2023 இல், சாதி எம் சமயத்தின் பகுதியன்று, ஆதலின் சட்டம் அதன் பெயரைச் சொல்லலாகாது என்றோம். ஒரே நா இரண்டையும் கூறுமாறு யாங்ஙனம்? பகுதியன்று என்பது மெய்யாயின், அதனை விலக்குஞ் சட்டத்தாற் சமயத்துக்கு இழப்பு யாதுமின்று. பகுதியே என்பது மெய்யாயின், அயல்நாட்டார் எழுதப்புகுந்த பழியை நாமே நம் கையால் எழுதிக் கையொப்பமும் இட்டவராவோம். நியாய நூல் கற்ற மாணவன் இதனை எளிதிற் காண்பான்.

அங்ஙனமாயின் சமத்துவத்தின் பெயரால் வருஞ் சட்டம் எதனையும் சைவர் வாய்மூடி ஏற்றல் வேண்டுமோ எனின், வேண்டா. காத்தற்குரியவற்றையும் கழித்தற்குரியவற்றையும் பிரித்தறிதற்கு யாம் ஓர் அளவுகோலை வைத்திருக்கின்றோம். ஒரு விதி, அதனை மேற்கொள்ளுவோனைக் கட்டுகின்றதா, அன்றிப் பிறனொருவனை அவன் பிறப்புப் பற்றிக் கட்டுகின்றதா என நோக்குக. நீராடித் தோய்த்துலர்ந்த ஆடை உடுத்து வருக என்பதும், ஆடவர் மேற்சட்டை களைந்து உட்புகுக என்பதும், புலாலுண்டு வரற்க என்பதும், துடக்குடையார் நாள் கழியுமளவும் ஒதுங்கி நிற்க என்பதும், தீக்கை பெற்றோரே இன்ன கிரியை செய்க என்பதும் முதல் வகை. இவற்றை எவரும் மேற்கொள்ளலாம். மேற்கொண்டவர்க்கு வாயில் திறக்கும். இவற்றைப் பாகுபாடென்று தடுக்க ஒரு சட்டம் வருமாயின் அன்று அதனை எதிர்த்து வீதியில் நிற்போருள் யாமும் ஒருவராவோம். குளித்தால் நீங்குவதாகிய அசுத்தம் ஆசாரத்தின்பாற் படும். எத்துணை குளிப்பினும் நீங்காதென்று பிறன்மேல் ஏற்றிக் கூறப்படும் அசுத்தம் ஆசாரமன்று. அதன் பெயர் வேறு.

சித்தாந்தமும் இதற்கு மாறன்று. ஆணவமலம் எல்லாவுயிரையும் அநாதியே பற்றியதென்று கற்பிக்கின்றோம். சாதி பேசப்படுவது உடம்பு பற்றி. உயிர்க்குச் சாதி கூறுவாரிலர். பெரியபுராணத்திலிருந்து சான்று காட்டுக என்பாருக்கு நந்தனாரைக் காட்டினால், அவரும் தீயில் மூழ்கியன்றோ தில்லையுட் புகுந்தார் என உடனே மறுத்துரைப்பர். 1968 இன் முன்னும் பின்னும் இது பலகாற் கூறப்பட்ட மறுப்பு. ஆதலின் வேறொன்று காட்டுவோம். திருஞானசம்பந்தர் திருச்சாத்தமங்கைக்கு எழுந்தருளியபோது, உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர்தம் மனைவியாருக்கும் இராத்தங்க இடங் கொடுக்கும்படி திருநீலநக்கரிடம் கூறினார். நீலநக்கர் வேதியர், அகத்தில் அக்கினி வளர்ப்பவர். அவர் திண்ணையைக் காட்டவில்லை. மனையின் நடுவே, வேள்வித் தீயின் அருகே இடங் கொடுத்தார். அத்தீ அவியவுமில்லை, மாசுபடவுமில்லை. வலஞ்சுழித்து மேலோங்கி எழுந்ததென்று சேக்கிழார் பெருமான் அருளினார். தூய்மையின் பெயரால் வாதிப்போர் அந்தத் தீயினிடம் தூய்மையைக் கேட்டறிவாராக.

இவ்விடத்தில் யாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளவேண்டிய இடர்ப்பாடுகள் இரண்டுள. ஒன்று, நம் நாவலர் பெருமானைப் பற்றியது. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, இன்று நாம் செய்யுந் தொழிலுக்கே வழிவகுத்தவர் அவர். அவர் சாதியாசாரம் பேணுதலை வற்புறுத்தினார் என்பது மறைத்தற்குரியதன்று. ஆனால் நல்லூரில் ஆகமத்துக்கு மாறாய் நடந்தனவற்றை, தொன்றுதொட்ட வழக்கம் என்னும் ஒரே காரணத்துக்காக அவர் பொறுத்தவரல்லர். வழக்கத்தை நூலின்முன் நிறுத்தி விசாரித்தவர். அவர் முடிபு அனைத்தையும் ஏற்றல் அவரைப் போற்றுதலாகாது; அவர் விசாரித்த முறையை ஏற்றலே போற்றுதலாம் என்பது எம் கருத்து. மாறுபடுவோர் எழுதின் வெளியிடுவோம்.

மற்றொன்று இன்னும் அரிது. பரார்த்த பூசை செய்தற்குரியார் ஆதிசைவ மரபிற் பிறந்த சிவாசாரியரே என ஆகமங்கூறும் வரையறை பிறப்புப் பற்றியதன்றோ? எம் அளவுகோல் இங்கே எம்மையே உறுத்துகின்றது. தமிழகத்தில் இது 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், 1972 இலும் 2015 இலும் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளாலும் ஆராயப்பட்டு, இன்னும் முடிந்தபாடில்லை. ஆசாரியர்களும் ஆகமம் வல்லாரும் கூடித் தீர்க்கவேண்டியது இது. நீதவானும் தீர்த்தலாகாது, ஆலய பரிபாலன சபைத் தலைவருந் தீர்த்தலாகாது. ஆயின் கருவறையில் யார் பூசிப்பது என்னும் அரிய வினாவைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, வசந்த மண்டபத்தில் யார் கும்பிடுவது என்னும் எளிய வினாவுக்கு விடை கூறாதொழிதல் நேர்மையன்று. தென்கன்னடத்து முல்கி வேங்கடரமண ஆலய வழக்கில் 1957 இல் அதே நீதிமன்றம் இவ்வேற்றுமையை ஒருவாறு கண்டது: குறித்த சில கிரியைகளின்போது அவ்வாலயத்துக்குரிய சமூகத்தார் மட்டும் இருக்கலாம், ஏனைக் காலத்தில் ஆலயம் எல்லா இந்துக்களுக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்று தீர்த்தது.

பாடசாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவிற் சமயப் பாடசாலைகளுக்குப் பாகுபாட்டுச் சட்டத்தில் உள்ள விதிவிலக்குகளை நீக்குக என்று அந்நாட்டுச் சட்டச் சீர்திருத்த ஆணைக்குழு தந்த அறிக்கை 2024 இல் வெளிவந்தது. சமயத்தார் பலர் கலங்கினர். 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் நம் சைவ வித்தியாசாலைகளை அரசாங்கத்தார் கையேற்றதனை அறிந்த நமக்கு அக்கலக்கம் விளங்கும். சைவ பாடங் கற்பிப்போர் சைவராதல் வேண்டும் என்றல் எம் அளவுகோலின்படி நியாயமே. கற்பிக்கும் பொருள் அதனை வேண்டுகின்றது. அவர் எந்தச் சைவர், எவ்வூர்ச் சைவர், தாத்தா எந்தத் தோட்டத்தினின்றும் வந்தவர் என்று வினவுதலைக் கற்பிக்கும் பொருள் வேண்டுகின்றிலது.

சட்டம் மனத்தை மாற்றாது என்பர். மெய்தான். ஆயின் இதனை அடிக்கடி கூறுவோர் மனத்தையும் மாற்ற விரும்பாதாராய் இருப்பதைக் கண்டுள்ளோம். மதுரையில் 1939 ஜூலை 8ந் திகதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட அடியவரோடு மீனாட்சியம்மை சந்நிதியுட் சென்றார். அவரைக் காக்குஞ் சட்டம் பின்னரே வந்தது. அங்கே மனம் முன்னும் சட்டம் பின்னுமாய் நடந்தன. மாவிட்டபுரத்திற் சட்டம் பதினோராண்டு முன்னே சென்று நின்று திரும்பிப் பார்த்தது, மனம் வந்திலது. எம் மாவட்டத்து உபயப் பட்டியலில் சட்டமும் இன்னும் வந்திலது. ஊர் புதிது என்னும் தடையை, சாதியைத் தடுக்குஞ் சட்டம் நேரே பிடிப்பதன்று. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை பிறப்பிடம் பற்றிய பாகுபாட்டைப் பொதுவில் விலக்கினும், வழிபாட்டுத்தலங்களை எடுத்துக்கூறும் பகுதியிற் பிறப்பிடம் என்னுஞ் சொல் இல்லை. ஆதலின் இதனைத் தீர்க்க எந்நியாயஸ்தலமும் வரும்வரை காத்திராது நாமே தீர்த்தல் கூடும். அதற்கு வேண்டுவது ஒரு பேனாவும் பட்டியலில் ஒரு வரியுமே.

வெடுக்குநாறி வழக்கினை இனியும் நடத்தவேண்டி வரும்; குருந்தூர் மலைக்காகவும் பேசவேண்டி வரும். அங்கே எதிர்நிற்போர் ஒருநாள் நம்மை நோக்கி, உங்கள் கோயிலில் யார் யாருக்கு உபயம் இல்லையெனக் கேட்பாராயின் விடையிறுக்க வேண்டியவர் அப்பட்டியலை எழுதியவர்களே. அச்சபைகளிற் செயலாளராகவும் கணக்கராகவும் இருப்போர் பெரும்பாலும் உபாத்தியாயர்கள் என்பதனை யாம் அறிவோம்.

மேலே கூறிய ஆலயத்தில் அடுத்த ஆண்டுப் பட்டியல் தை மாதத்தில் எழுதப்படும். அச்சிறுமி இவ்வாண்டு மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கின்றாள் என அவள் ஆசிரியை கூறினார். தந்தையார் மறுபடியும் கேட்பாரோ, ஒருமுறை கேட்டது போதுமென்றிருப்பாரோ, அறியோம். அவர் கேளாதிருப்பினும் அவர் பெயரை முன்மொழிதற்கு யாம் அக்கூட்டத்துக்குச் செல்வோம்.